தோலுக்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்கூறு வகுப்பில் சடலத்தை அறுக்கத் தொடங்கும்போது முதலில் உரித்து ஓரமாக ஒதுக்குவது தோலைத்தான். உரிக்கிற வேகத்தில், கீழிருந்து தோலுக்குள் ஏறும் சின்னச் சின்னக் குழாய்கள் எல்லாம் அறுந்துபோகும். அதனால்தானோ என்னவோ, இதயத்துக்கும் மூளைக்கும் போகும் தமனிகளைப் பெயர் பெயராக ஒப்பிப்பவர்கள்கூட, "தோலின் தமனி எது?" என்று கேட்டால் சற்றே விழிப்பார்கள். மருத்துவம், செவிலியம் படிப்பவர்களும், தன் உடம்பைத் தெரிந்துகொள்ள நினைக்கும் மற்றவர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இங்கே.

தோல் முழுக்க ரத்தக் குழாய் ஓடுகிறதா?

இல்லை. தோலின் மேலடுக்கான மேல்தோலில் ஒரு குழாய்கூடக் கிடையாது. உள்ளங்கையில் காய்த்துப்போன இடத்தை லேசாகச் சீவினால் ரத்தம் வராததற்கும், செருப்பு கடித்து வரும் கொப்புளத்தில் பெரும்பாலும் தெளிந்த நீர் மட்டும் இருப்பதற்கும் இதுதான் காரணம். ரத்தம் எட்டிப்பார்த்தால் வெட்டு மேல்தோலைத் தாண்டி உள்தோலுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள்.

குழாய் இல்லாமல் மேல்தோல் எப்படிப் பிழைக்கிறது? அதற்குக் கீழே இருக்கும் உள்தோலின் மேற்பரப்பு சமதளமாக இல்லை. சிறு சிறு முகடுகளாகப் புடைத்து மேல்தோலுக்குள் நுழைந்திருக்கும். ஒவ்வொரு முகட்டுக்குள்ளும் ஒரு தந்துகி, அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய், ஏறி, வளைந்து, இறங்குகிறது. அங்கிருந்து ஆக்சிஜனும் குளுக்கோசும் கசிந்து மேலே போகின்றன. மேல்தோலில் உயிருள்ள செல்கள் அடிப்பகுதியில் இருப்பதால் கசிவு போக வேண்டிய தூரம் மிகக் குறைவு. மேலே வரவர செல்கள் செத்துத் தகடாகிவிடுகின்றன; தகட்டுக்குச் சாப்பாடு வேண்டாம்.

உள்தோலில் குழாய்கள் எப்படி அமைந்திருக்கின்றன?

இரண்டு மாடிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் சந்திக்கும் இடத்தில், தோலுக்கு இணையாகப் படுத்தபடி ஒரு பின்னல் பரவியிருக்கிறது. இது ஆழ்பின்னல். முடிவேர்களுக்கும் வியர்வைச் சுரப்பிகளுக்கும் கிளைகள் பெரும்பாலும் இங்கிருந்து போகின்றன. இன்னொரு பின்னல் மேலே, தோலின் மேற்பரப்பிலிருந்து சுமார் 1 முதல் 1.5 மி.மீ. ஆழத்தில், அந்த முகடுகளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இரண்டு மாடிகளையும் இணைக்கும் படிக்கட்டுபோல, நுண்தமனிகள் செங்குத்தாக ஏறுகின்றன. நுண்சிரைகள் செங்குத்தாக இறங்குகின்றன.

மேல்பின்னலிலிருந்து முகட்டுக்குள் போகும் தந்துகியின் வடிவம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவேதான். ஒரு கை தமனி ரத்தத்தோடு ஏறும், மறு கை சிரைப் பக்கமாக இறங்கும். இந்தத் தந்துகியின் உள்விட்டமும் ஒரு சிவப்பணுவின் விட்டமும் (7 முதல் 8 மைக்ரான்) கிட்டத்தட்ட ஒன்று. அணுக்கள் ஒற்றை வரிசையில்தான் போக முடியும். வளைவை நேரில் பார்க்கவும் வழி உண்டு. நகத்தின் அடிவிளிம்பில் மட்டும் இந்த வளைவுகள் நிமிர்ந்து நிற்காமல் தோலோடு தோலாகப் படுத்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருப்பெருக்கியில் பார்த்தால், சீப்பின் பற்கள்போல வரிசையாகத் தெரியும். தோல் இறுகும் நோயான ஸ்க்ளீரோடெர்மாவில் சில வளைவுகள் பருத்து, சில காணாமல் போயிருக்கும். அதனால் மூட்டுவாத மருத்துவர்கள் நகவிளிம்பை இப்படிப் பார்ப்பது வழக்கம்.

சரி, அந்தக் கீழ்மாடிக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பலர் மனதில் இருக்கும் படம், பெரிய தமனி ஒன்று தோலுக்கடியில் நெடுஞ்சாலைபோல ஓடி வழியெல்லாம் கிளை விடுகிறது என்பது. நெற்றிப்பொட்டு, இடுப்பு மடிப்பு போன்ற சில இடங்களில் அது சரிதான். அங்கே நேரடித் தோல் தமனிகள் உண்டு. நெற்றிப்பொட்டில் விரல் வைத்தால் துடிக்கிறதே, அது அப்படிப்பட்ட ஒன்று. ஆனால் உடம்பின் பெரும்பகுதியில் தோலுக்கு ரத்தம் பக்கவாட்டில் வருவதில்லை, கீழிருந்து வருகிறது. ஆழத்தில் ஓடும் தமனிகள் மேல்நோக்கிக் கிளைகளை விட, அவை தசையைப் போர்த்தியிருக்கும் திசுப்படலத்தைத் துளைத்துக்கொண்டு தோலை அடைகின்றன. மருத்துவமனையில் இவற்றைப் பெர்ஃபொரேட்டர் என்பார்கள். தமிழில் துளைநாளம் என்று சொல்லலாம்.

துளைநாளம் மேலே வருவதற்கு இரண்டு வழி. ஒன்று, இரு தசைகளுக்கு நடுவே இருக்கும் திசுச்சுவரின் வழியாக ஏறுவது. கை கால்களில் இது அதிகம்; கெண்டைக்கால் தசைகளின் இடைவெளிகளைத் தொட்டுப் பார்த்தால் அந்தச் சுவர் எங்கே இருக்கும் என்று ஊகிக்கலாம். இன்னொன்று, தசையையே ஊடுருவி, வழியில் அதற்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு ஏறுவது. வயிறு, முதுகு, பிட்டம் போன்ற அகன்ற தசை உள்ள இடங்களில் இது சகஜம்.

எங்கே எத்தனை என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால்போல தோல் அடியோடு இறுக ஒட்டிய இடங்களில் துளைநாளங்கள் சிறியவை, எண்ணிக்கையில் மிக அதிகம். வயிறுபோல தோல் நன்றாக நகரும் இடத்தில் அவை குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் பருமனாக, நெடுந்தூரம் ஓடும். யோசித்தால் நியாயம்தான். நகரும் தோலை நூறு முளையடித்துக் கட்டிவைத்தால் அது எப்படி நகரும்?

உடம்பு முழுக்க, 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள இப்படிப்பட்ட குழாய்கள் சராசரியாக 374 என்று இயன் டெய்லரும் ஜான் பால்மரும் எண்ணினார்கள்.

யார் அந்த டெய்லர்? இதையெல்லாம் எப்படி எண்ணினார்கள்?

கதை அவருக்கு முன்பே தொடங்குகிறது. 1889-இல் கார்ல் மான்ஷோ என்பவர், ஸ்ட்ராஸ்பூர்கில் மருத்துவ மாணவராக இருந்தபோது செய்த ஆய்வின் பலனாக, மனிதத் தோலின் தமனிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தோலைச் சுமார் 40 வட்டாரங்களாகப் பிரித்து, எந்த வட்டாரத்துக்கு எந்தத் தமனி என்று வரைந்து காட்டினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். அதாவது கத்தியும் கண்ணும் பொறுமையுமாகவே அவ்வளவையும் செய்திருக்கிறார். அந்த வேலையை மருத்துவ உலகம் ஏறக்குறைய மறந்தேபோனது.

1936-இல் பிரான்சின் மிஷெல் சல்மோன், சடலங்களின் தமனிகளுக்குள் ஈய ஆக்சைடு கலவையைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். மான்ஷோவின் கண்ணுக்குத் தப்பிய நுண்ணிய கிளைகளும் படத்தில் விழுந்தன. வட்டாரங்கள் 80-ஐத் தாண்டின.

ஆஸ்திரேலிய ஒட்டறுவை மருத்துவர் டெய்லரும் பால்மரும் 1987-இல் ஒரு படி மேலே போனார்கள். தோலை மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஒரு தமனி தன் தலைக்கு மேல் இருக்கும் தோல், கொழுப்பு, தசை, எலும்பு என எல்லாவற்றுக்கும் சேர்த்தே ரத்தம் கொடுக்கிறது; அப்படியானால் உடம்பு முப்பரிமாணக் கட்டிகளை அடுக்கிச் செய்த ஒன்று. ஒவ்வொரு கட்டிக்கும் ஆஞ்சியோசோம் என்று பெயர் வைத்தார்கள். மொத்தம் 40 வந்தது. மான்ஷோவின் எண்ணும் 40-தான் என்பதைப் பார்த்தால் அந்த மாணவர் மேல் மரியாதை கூடுகிறது.

அவர்கள் கவனித்த இன்னொன்றும் முக்கியம். பக்கத்துப் பக்கத்துக் கட்டிகளை இணைக்கும் குழாய்கள் பல, சாதாரண நேரத்தில் ஒடுங்கியே கிடக்கும். மதகு ஏறக்குறைய மூடிய வாய்க்கால்போல. ஒரு பக்கம் வரத்து நின்றால், சில நாட்களில் இவை விரிந்து அடுத்த பக்கத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும்.

இந்த வரைபடத்தால் நோயாளிக்கு என்ன லாபம்?

தீக்காயமோ விபத்தோ புற்றுநோய் அறுவையோ தோலைப் பறித்துக்கொண்டால், வேறிடத்துத் தோலைக் கொண்டுவந்து மூட வேண்டும். அதற்கு இரண்டு முறை உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ரத்தக் குழாய்தான்.

முதலாவது கிராஃப்ட். தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவலை எடுத்துப் புண்ணின் மேல் பரப்புவார்கள். அந்தச் சீவலுக்குச் சொந்தமாக ஒரு குழாய் இணைப்பும் கிடையாது. முதல் ஒன்றிரண்டு நாள், புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சியே உயிர் பிழைக்கும். பிறகு புண்ணின் தந்துகிகளும் சீவலில் ஏற்கெனவே இருக்கும் தந்துகிகளும் முனையோடு முனை சேரும். புதிய குழாய்களும் முளைத்து உள்ளே போகும். ஒரு வாரத்துக்குள் ரத்த ஓட்டம் நிலைபெற்றுவிடும். அதனால்தான் அந்த முதல் நாட்களில் கட்டை அவிழ்க்கவோ அசைக்கவோ விடமாட்டார்கள். அடியில் நீர் கட்டினாலும், ரத்தம் தேங்கினாலும், சீவல் நகர்ந்தாலும் இணைப்பு விழாது. உறை உரிந்த வெறும் எலும்பின் மேல் கிராஃப்ட் பிடிக்காததற்கும் காரணம் இதுவே. கீழிருந்து கொடுக்க அங்கே ஆளில்லை.

இரண்டாவது ஃபிளாப். இதில் தோல் தன் ரத்தக் குழாயோடு சேர்ந்து இடம்மாறுகிறது. மூக்கின் நுனியை இழந்தவருக்கு நெற்றித் தோலைத் திருப்பிவந்து பொருத்துவது பழைய உதாரணம். புருவத்தின் உள்முனையில் ஏறும் சுப்ராட்ரோக்ளியர் தமனி அந்த நெற்றித் துண்டைக் காப்பாற்றுகிறது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, புதிய இடத்திலிருந்து ரத்தம் கிடைக்கத் தொடங்கியதும், துண்டை நெற்றியோடு இணைத்திருக்கும் காம்பை அறுத்துவிடுவார்கள்.

முன்பு ஃபிளாப் வெட்டும்போது, நீளம் அகலத்தைவிட இத்தனை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். உள்ளே எந்தத் தமனி ஓடுகிறது என்று தெரியாத காலத்துக் கணக்கு அது. ஒரு தமனியின் போக்கிலேயே வெட்டினால் நீளமான துண்டும் பிழைக்கும் என்பது 1970-களில் தெளிவானது. 1989-இல் ஜப்பானின் கோஷிமாவும் சோயெதாவும், வயிற்றுத் தசையை அப்படியே விட்டுவிட்டு, அதைத் துளைத்து வரும் துளைநாளத்தை மட்டும் பிரித்தெடுத்து அடிவயிற்றுத் தோலை இடம்மாற்றிக் காட்டினார்கள். புற்றுநோயால் மார்பகம் இழந்தவர்களுக்கு அடிவயிற்றுத் தோலிலும் கொழுப்பிலும் புதிய மார்பகம் அமைக்கும் இன்றைய முறை இந்தப் பாதையில் வந்தது. வயிற்றுத் தசை போகாததால் நடமாட்டமும் வலுவும் பெரிதாகக் கெடுவதில்லை.

சில சமயம் துண்டைப் பாதி வெட்டி, அதே இடத்தில் தைத்து வைத்துவிட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து முழுவதும் தூக்குவார்கள். நோயாளிக்கு இது வேண்டாத தாமதமாகப் படும். உண்மையில் அந்த மூடிய மதகுகள் திறக்கக் கொடுக்கும் அவகாசம் அது. இதே காரணத்துக்காகத்தான் புகைப்பழக்கத்தை விடச் சொல்லி வற்புறுத்துவதும். நிகோடின் தோலின் நுண்தமனிகளைச் சுருக்கும்; நன்றாக வெட்டிய ஃபிளாப்பின் நுனிகூடக் கறுத்துப்போகலாம்.

தலையில் சின்ன வெட்டுக்கு ஏன் அவ்வளவு ரத்தம்?

உச்சந்தலைக்கு ஒவ்வொரு பக்கமும் ஐந்து தமனிகள், அவை எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. அவை ஓடுவது தோலுக்குக் கீழே இருக்கும் கெட்டியான நார்த்திசுவில். மற்ற இடத்தில் அறுந்த தமனி சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும்; இங்கே நார்கள் அதன் சுவரைப் பிடித்து வாயைத் திறந்தே வைத்திருக்கின்றன. நல்ல விஷயம், அடியிலேயே மண்டையோடு இருக்கிறது. சுத்தமான துணியை வைத்து அழுத்தினால் எலும்போடு சேர்ந்து நசுங்கி நிற்கும். மண்டை உடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் அந்த இடத்தின் மேலேயே அழுத்த வேண்டாம். இதே ரத்த வளத்தால் தலையிலும் முகத்திலும் காயம் சீக்கிரம் ஆறும்.

வெயிலில் முகம் சிவக்கிறது, குளிரில் விரல் வெளுக்கிறது. ஒரே குழாய்தானா?

குழாய் ஒன்றுதான், திறப்பதும் மூடுவதும் வேறு. தோல் உயிர் வாழத் தேவைப்படும் ரத்தம் மிகக் கொஞ்சம். இதமான சூழலில், ஓய்வாக இருக்கும்போது தோல் முழுவதற்கும் நிமிடத்துக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர்வரை போகும். கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர்வரை ஏறும். ஓய்வில் இதயம் மொத்தமாக இறைப்பதே சுமார் 5 லிட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய குழாய் வலையைத் தோல் தனக்காகக் கட்டிவைக்கவில்லை, உடம்பின் சூட்டை வெளியே தள்ளக் கட்டிவைத்திருக்கிறது. வெக்கையில் நெடுநேரம் நின்றவர் மயங்கி விழுவதற்கு, இவ்வளவு ரத்தம் தோலிலும் காலிலும் தங்கிவிடுவதும் ஒரு காரணம்.

விரல்நுனி, உள்ளங்கை, உள்ளங்கால், காது, மூக்கு, உதடு ஆகிய இடங்களில் ஒரு குறுக்குவழியும் உண்டு. நுண்தமனியும் நுண்சிரையும் தந்துகி இல்லாமல் நேராக இணையும். சுவர் தடித்த தசையாலானது. நரம்பு சொன்னால் ஒரே நொடியில் மூடிக்கொள்ளும். திறந்தால் கை வெதுவெதுப்பாகும், மூடினால் சில்லிடும். விரலைப் பனிநீரில் வைத்தால் முதலில் வெளுத்து வலிக்கும், ஐந்து பத்து நிமிடத்தில் தானாகச் சூடேறும், மறுபடி வெளுக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை 1930-இல் தாமஸ் லூயிஸ் விவரித்தார். நகத்தடியில் இந்தக் குறுக்குவழிகளில் பட்டாணியைவிடச் சிறிய கட்டி வருவதுண்டு. குளிர்ந்த நீர் பட்டாலே உயிர் போகிற வலி, பார்த்தால் ஒன்றும் தெரியாது. "மனப்பிரமை" என்று சொல்லப்பட்டே வருடக்கணக்கில் அலைபவர்கள் இருக்கிறார்கள். பெயர் குளோமஸ் கட்டி. எடுத்துவிட்டால் வலி போய்விடும்.

குளிரிலோ பதற்றத்திலோ விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து திரும்பினால் அது ரேனோ நோயாக இருக்கலாம். மொரிஸ் ரேனோ 1862-இல் எழுதி வைத்தது.

கையில் பச்சையாகத் தெரிவது நரம்பா?

பேச்சில் நரம்பு என்கிறோம், நரம்பு ஊசி என்கிறோம். அது சிரை. உண்மையான நரம்பு வெளியே தெரியாது. அதில் ஊசி குத்தினால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். சிரைக்குள் ஓடுவதும் சிவப்பு ரத்தம்தான், சற்றுக் கருஞ்சிவப்பு. தோலுக்குள் ஆழமாகப் போகும் சிவப்பு ஒளியைச் சிரை ஓரளவு விழுங்கிவிடுகிறது. நீல ஒளியோ சிரையைத் தொடுவதற்கு முன்பே மேலிருந்து திரும்பிவிடுகிறது. அதனால் சுற்றியுள்ள தோலைவிட அந்தக் கோடு நீலமாகப் படுகிறது. தோலின் நிறத்தோடு கலந்து பச்சை என்றும் தோன்றும்.

ஒரு சின்னச் சோதனை. கையைத் தொங்கவிட்டுப் புறங்கைச் சிரை புடைத்ததும், விரல்பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக நீவி அந்த இரண்டாவது விரலை எடுங்கள். நீவிய பகுதி காலியாகவே இருக்கும். மேலிருந்து ரத்தம் திரும்பி வராது. வால்வுகள் தடுக்கின்றன. முன்கைச் சிரைகளில் இதே வித்தையை வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்டார். ரத்தம் சுற்றி வருகிறது என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று.

ரத்தக்கட்டு ஏன் நாளுக்கொரு நிறம்?

குழாயிலிருந்து வெளியே கசிந்த ரத்தத்தை உடம்பு பிரித்துத் தின்கிறது. ஹீமோகுளோபின் உடைந்து முதலில் பச்சைநிறப் பொருளாகவும் பிறகு மஞ்சளாகவும் மாறுகிறது. மிஞ்சும் இரும்பு பழுப்பு. நிறத்தைப் பார்த்து அடிபட்டது எத்தனை நாளைக்கு முன் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. முதியவர்களின் முன்கையில் அடிபடாமலே ஊதாத் திட்டுகள் வருவது, குழாய்களைத் தாங்கிப் பிடித்த நார்கள் மெலிந்துபோவதால்.

நகத்தை அழுத்திப் பார்க்கிறார்களே, எதற்கு?

அழுத்தினால் தந்துகிகளும் மேல்பின்னலும் காலியாகி நகம் வெளுக்கும். விட்டதும் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டம் மந்தம் என்று சந்தேகிக்கலாம். அறை குளிராக இருந்தாலும் தாமதமாகும் என்பதை மறக்க வேண்டாம். கருந்தோலில் உடம்பின் மற்ற இடத்து நிறமாற்றம் எளிதில் பிடிபடாது; நகம், உள்ளங்கை, உதட்டின் உட்புறம், கீழிமையின் உட்புறம் ஆகியவற்றைப் பார்ப்பது நல்லது.

இதோடு தொடர்புள்ள இன்னொரு சோதனை வீட்டிலும் உதவும். சிவப்புப் புள்ளிகளின் மேல் கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்துங்கள். மறைந்தால் ரத்தம் குழாய்க்குள்ளே இருக்கிறது. மறையாவிட்டால் வெளியே கசிந்திருக்கிறது. காய்ச்சலோடு அப்படி மறையாத புள்ளிகள் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படுக்கைப்புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் குழாய்களில் ஓட்டம் நிற்கிறது. தந்துகிக்குள் அழுத்தம் 32 மி.மீ. பாதரசம் என்ற எண்ணைப் பாடநூல்கள் முதல் மெத்தை விளம்பரங்கள்வரை மந்திரம்போலச் சொல்வார்கள். அது 1930-இல் யூஜின் லாண்டிஸ் விரல் நகவிளிம்பில் அளந்த எண். படுத்த படுக்கையாக இருப்பவரின் பிட்டத்துக்கு அதை அப்படியே எல்லையாக வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அழுத்தத்துக்கு இணையாகக் கெடுதல் செய்வது உரசி இழுபடுதல். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் நோயாளி மெல்லச் சரியும்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு கீழே இறங்குகிறது. நடுவில் செங்குத்தாக நிற்கும் துளைநாளங்கள் சாய்ந்து, நீண்டு, மடங்கி அடைபடுகின்றன. அதனால் மேலே சின்னச் சிவப்பாகத் தெரியும்போதே உள்ளே தசை செத்திருக்கக்கூடும். நோயாளியை இழுக்காமல் தூக்கி நகர்த்தச் சொல்வது இதற்காகத்தான்.

குழந்தைக்குப் பிறவியிலேயே சிவப்புத் திட்டு. தானாகப் போகுமா?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. பிறந்து சில வாரங்களில் தோன்றி வேகமாகப் பெருத்து, பிறகு வருடக்கணக்கில் சுருங்குவது ஹீமாஞ்சியோமா. கண்ணையோ மூச்சையோ மறைத்தால் சிகிச்சை வேண்டும். இதய மருந்தான புரோப்ரனோலோல் இதற்குக் கேட்கிறது என்பது 2008-இல் தற்செயலாகத் தெரியவந்தது. பிறக்கும்போதே தட்டையாக, கருஞ்சிவப்பாக இருந்து குழந்தையோடு வளர்வது வேறு. அங்கே உள்தோலின் நுண்குழாய்களே நிரந்தரமாக விரிந்திருக்கின்றன. அது தானாகப் போகாது, லேசர் உதவும். நெற்றியிலோ இமையிலோ இருந்தால் கண்ணையும் மூளையையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்வார்கள்.

தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையின் மேல் ஒத்தடம் கொடுக்கலாமா?

கூடாது. பட்டையிலிருந்து மருந்து மேல்தோலைக் கடந்து, முதலில் சந்திப்பது அந்த மேல்பின்னலைத்தான். சூடு பட்டால் பின்னல் விரிந்து, மருந்து வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் கலக்கும். ஃபென்டனில் போன்ற கடுமையான வலிமருந்துப் பட்டையில் இது மூச்சையே நிறுத்திவிடலாம். வெந்நீர்ப் பை, மின்சாரக் கம்பளம், நெடுநேர வெந்நீர்க் குளியல் எல்லாமே இதில் அடக்கம். அதிகக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.